கம்பத்தில் தொங்கிய வாள்

1768-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 14-ஆம் நாள், வெள்ளிக்கிழமை. விடியற்காலையிலிருந்து தூறல் விட்டுவிட்டு விழுந்துகொண்டிருந்தது. வடகிழக்குக் காற்று சீராக வீசியது. அந்தக் காற்றோடு ஆற்றுக்கு அப்பாலிருந்து பீரங்கி ஓசையும் வந்தது.

நெடுங்கரை என்னும் ஊருக்கு வெளியே பிரிட்டிஷ் படை கூடாரம் அடித்திருந்தது. அதன் தலைவர் ஜெனரல் ஹார்ட்விக், இங்கிலாந்து அரசரால் நேரே அனுப்பப்பட்டவர். அவருக்கு வயது அறுபது.

ஆற்றுக்கு அப்பால், இரண்டு மணி நேர நடைத் தொலைவில், மணற்பாக்கம் என்னும் ஊரில் கர்னல் கீட்டிங்கின் சிறுபடை சிக்கிக்கொண்டிருந்தது. மலைநாட்டு மன்னரின் குதிரைவீரர்கள் அதை நாற்புறமும் வளைத்திருந்தார்கள். கீட்டிங் கடற்கரைப் பட்டணத்து ஆங்கிலேய வணிகக் கம்பெனியின் கவர்னரிடம் சம்பளம் பெறுபவர். அவருடைய படையினருள் பெரும்பாலோர் தமிழ்ச் சிப்பாய்கள். அவர்களுள் ஒருவன் ஆவுடையப்பன்.

ஆவுடையப்பனின் தமையனார் திருமேனி உபாத்தியாயர் ஜெனரலின் கூடாரத்தில் இருந்தார். அவருக்கு வயது நாற்பத்திரண்டு. தம்மினும் பதினெட்டு வயது மூத்த மாணவருக்கு ஏழு ஆண்டுகளாகத் தமிழ் கற்பித்து வந்தார்.

நண்பகலுக்குப் பிந்திய ஒரு நாழிகை பாட வேளை. அப்போது உபாத்தியாயர் நாற்காலியில் அமர்வார். ஜெனரல் முக்காலியில் அமர்ந்து அவரை 'ஐயா' என்று அழைப்பார். மற்ற நேரங்களில் உபாத்தியாயர் வெறும் மொழிபெயர்ப்பாளர். ஜெனரலின் முதுகுக்குப் பின்னால் நிற்பார், கேட்டாலன்றிப் பேசார். போர்க்காலத்திலும் இந்த முறை மாறியதில்லை.

ஜெனரலிடம் ஒரு வழக்கம் இருந்தது. அது தம்மிடம் இருப்பதை அவர் அறியார். முன்னேறிச் செல்வதென்று மனத்துக்குள் முடிவு செய்துவிட்டால், ஆலோசனைக் கூட்டத்துக்கு வாளை இடையில் கட்டியவாறே வருவார். தங்கியிருப்பதென்று முடிவு செய்துவிட்டால், வாளைக் கழற்றிக் கூடாரக் கம்பத்து ஆணியில் மாட்டுவார். அவரிடம் பணியாற்றிய ஒவ்வொருவரும் இதை அறிந்திருந்தார்கள். ஒருவரும் இதைப் பற்றி அவரிடம் பேசியதில்லை.

அன்று விடிந்ததும் மணற்பாக்கத்திலிருந்து ஒரு குதிரைவீரன் வந்து சேர்ந்தான்.

"கர்னல் என்ன சொன்னார்?" என்று ஜெனரல் தமிழிலேயே கேட்டார்.

"மாலை வரை தாக்குப் பிடிப்பாராம், துரை. அதற்குமேல் கையில் வெடிமருந்து இல்லை என்றார்."

"வேறு?"

"வேறு ஒன்றும் சொல்லவில்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்."

ஜெனரல் உடனே தம் குதிரையை ஆற்றில் இறக்கித் துறையைச் சோதித்தார். தண்ணீர் குதிரையின் மார்பளவே இருந்தது, படை கடக்கலாம். தலையிலிருந்து கால் வரை நனைந்தவராய் அவர் கூடாரத்துக்குத் திரும்பியபோது அதிகாரிகள் கூடியிருந்தார்கள்.

வாள் தொங்கிய தோல் வார் நீரில் ஊறி இடுப்பை இறுக்கியது. அவர் அதை வாளோடு கழற்றி, காயட்டும் என்று கம்பத்து ஆணியில் மாட்டிவிட்டு அமர்ந்தார்.

மேசையைச் சுற்றி இருந்த கண்கள் அனைத்தும் ஒரு முறை கம்பத்தை நோக்கித் திரும்பின. பிறகு கீழே தாழ்ந்தன. ஜெனரலுக்குப் பின்னால் நின்ற உபாத்தியாயரின் கண்களும் அவ்வாறே தாழ்ந்தன.

போர் ஆலோசனைக்கு ஒரு விதி உண்டு. பதவியில் இளையவர் முதலில் கருத்துச் சொல்ல வேண்டும். தலைவர் இறுதியில் பேச வேண்டும். மூத்தவரின் சொல்லுக்கு அஞ்சி இளையவர் தம் கருத்தை விழுங்கிவிடக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட விதி அது.

"கர்னல் கீட்டிங்குக்கு உதவச் செல்லலாமா, இங்கேயே இருக்கலாமா?" என்றார் ஜெனரல். "லாங்லி, நீர் தொடங்கும்."

லாங்லி படையின் கொடி ஏந்தும் இளம் அதிகாரி. எழுந்து நின்றார். 

"இருப்பதே நலம், ஐயா."

"காரணம்?"

"ஆறு... ஆற்றில் வெள்ளம் வரக்கூடும்."

அடுத்தவர் பீரங்கிப் படையின் காப்டன் மெரிக். "லாங்லி சொல்வது சரி. சேற்றில் பீரங்கி வண்டிகள் புதைந்துவிடும்."

மூன்றாமவர் மேஜர் ஸ்டிரிக்லண்ட். அவர் சிரித்தார். "கீட்டிங் கவர்னரின் ஆள், கடைக்காரர் படைக்குக் கர்னல். தாமே இறங்கிய குழியிலிருந்து தாமே ஏறி வரட்டுமே. அரசரின் படை அவர் பின்னாலேயே கைவிளக்குத் தூக்கிக்கொண்டு திரிய வேண்டுமா?"

கவர்னரின் பிரதிநிதியாகப் படையோடு பல்லக்கில் வரும் விட்கோம் அங்கே இருந்தார். கீட்டிங்கைக் காப்பாற்ற வேண்டும் என்று வாதிடத்தான் அவர் தூறலில் நனைந்து அந்தக் கூடாரத்துக்கு வந்திருந்தார். அவரும் கம்பத்தைப் பார்த்தார்.

"மேஜரின் கேலியை மன்னிக்கிறேன், அவருடைய முடிவை ஏற்கிறேன்" என்றார். "படையின் அரிசி முழுவதும் இங்கே இருக்கிறது. அதை விட்டுப் போவதைக் கவர்னர் விரும்பமாட்டார்."

எஞ்சியவர்களும் அவ்வாறே சொன்னார்கள். வெளியே பீரங்கி ஓசை ஒவ்வொரு பேச்சுக்கும் இடையில் கேட்டது.

இறுதியில் ஜெனரலின் முறை வந்தது.  பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு நாட்டில், ஆலோசனைக் கூட்டத்தின் ஒருமித்த கருத்தை மீறிப் படையை முன்னே செலுத்தியவர் அவர். சென்றவர்களில் பாதிப் பேர் திரும்பவில்லை. இனி அவ்வாறு செய்வதில்லை என்று அன்று தமக்குத்தாமே வாக்குக் கொடுத்திருந்தார்.

"என் கருத்து வேறாக இருந்தது" என்றார். "ஆனால் நீங்கள் எல்லாரும் ஒரே மாதிரி நினைக்கும்போது நான் எங்கோ தவறியிருக்க வேண்டும். இருப்போம்."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைவர் நாகரிகத்துக்காக அப்படிச் சொல்கிறார் என்று எல்லாரும் எண்ணினார்கள்.  கூட்டம் கலைந்தது.

சற்று நேரத்தில் லாங்லி தனியாகத் திரும்பி வந்தார். 

"ஐயா, துறையில் கடக்கலாம். நேற்றே கடந்து பார்த்தேன்."

"எனக்குத் தெரியும். நானும் இன்று பார்த்தேன். பிறகு ஏன் வெள்ளம் என்றீர்?"

"தங்கள் விருப்பம் அதுவென்று..."

"என் விருப்பத்தை உமக்கு யார் சொன்னார்கள்?"

லாங்லி ஒரு முறை கம்பத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்தார்.

"போம்" என்றார் ஜெனரல்.

அடுத்து மெரிக் வந்தார். பீரங்கி வண்டிகளை விட்டுவிட்டுச் சிப்பாய்களை மட்டும் அனுப்பலாம் என்று முதலில் நினைத்ததாகச் சொன்னார். பிறகு விட்கோமின் பல்லக்கு வாயிலில் வந்து இறங்கியது.

"நமக்குள் இருக்கட்டும், ஜெனரல். கீட்டிங்கை இழந்தால் கவர்னர் என் தோலை உரித்துவிடுவார்."

"அதை மேசையில் சொல்லியிருக்கலாமே!"

"தாங்கள் முடிவு செய்தபின் நான் எதிர்த்துப் பேசினால் அழகாக இருக்குமா?"

"நான் எப்போது முடிவு செய்தேன்? எல்லார்க்கும் பின்னால்தானே பேசினேன்?"

விட்கோம் புன்னகை செய்தார். கெட்டிக்காரர் ஒருவரின் நகைச்சுவையைப் புரிந்துகொண்டவரின் புன்னகை அது. வணங்கிவிட்டுப் பல்லக்கில் ஏறினார்.

பாட வேளை வந்தது. உபாத்தியாயர் நாற்காலியின் அருகில் வந்து நின்றார், அமரவில்லை.

"இன்று பாடம் வேண்டாமென்றால் போகிறேன்."

"உட்காருங்கள், ஐயா. ஒன்று கேட்க வேண்டும்." ஜெனரல் முக்காலியில் அமர்ந்தார். "இவர்கள் கோழைகள் அல்லர். லாங்லி சென்ற மாதம் தனியாளாகக் கோட்டைச் சுவரில் ஏறினார். மெரிக்கின் உடம்பில் மூன்று தழும்புகள் உள்ளன. வாளுக்கு அஞ்சாத இவர்கள் ஒரு மேசையின் முன் ஏன் இப்படி ஆகிறார்கள்?"

உபாத்தியாயர் கம்பத்தை நோக்கினார்.

"துரையவர்கள் அந்த வாளை எடுத்து இடையில் கட்டிக்கொள்ளுங்கள்."

"வார் இன்னும் காயவில்லையே."

உபாத்தியாயர் தலை நிமிர்ந்தார்.

"காய்வதற்காகவா அதைக் கழற்றினீர்கள்?"

"வேறு எதற்காகக் கழற்றுவார்கள்?"

உபாத்தியாயர் கம்பத்தின் பக்கம் போய் ஈர வாரைத் தொட்டுப் பார்த்தார். ஜெனரல் அதைக் கண்டார். காரணம் அவருக்கு விளங்கவில்லை.

"ஐயா, என்ன?"

"ஒன்றுமில்லை. வாளைக் கட்டிக்கொண்டு கூடார வாயிலில் சற்று நில்லுங்கள். ஒரு சொல்லும் பேச வேண்டாம். பிறகு உள்ளே வாருங்கள்."

ஜெனரல் அவ்வாறே செய்தார். வாயிலில் நின்று தூறலைப் பார்த்தார்.

காவல் நின்ற சிப்பாய் அவருடைய இடையை நோக்கினான். மறுகணம் லாங்லியின் கூடாரத்தை நோக்கி ஓடினான். லாங்லி தொப்பியில்லாமல் வெளியே வந்தார், பார்த்தார், உரக்கக் கூவினார். முரசு ஒலித்தது. குதிரைகளுக்குச் சேணம் ஏறியது. மெரிக் தம் ஆட்களை அதட்டினார். சமைத்துக்கொண்டிருந்தவர்கள் அடுப்பில் தண்ணீரை ஊற்றினார்கள்.

"என் பல்லக்கு! என் பல்லக்குத் தூக்கிகள் எங்கே தொலைந்தார்கள்?" என்று விட்கோமின் குரல் கேட்டது.

ஜெனரல் உள்ளே வந்தார்.

"நான் கட்டளையிடவில்லை."

"இல்லை."

"வாயே திறக்கவில்லை."

"ஆம்."

"பின் எப்படி?"

உபாத்தியாயர் அவருடைய இடையைச் சுட்டினார். பிறகு கம்பத்து ஆணியைச் சுட்டினார்.

ஜெனரல் ஆணியைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். ஏழு ஆண்டுகளாக அது எத்தனை கூடாரங்களில், எத்தனை கம்பங்களில் இருந்தது என்பதை எண்ணிப் பார்ப்பவர் போல் இருந்தார். 

"காலையில்..." என்றார். அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. வெளியே பாய்ந்து சென்று குதிரையில் ஏறினார்.

படை ஆற்றங்கரையை அடைந்தபோது துறை மாறியிருந்தது. காலையில் குதிரையின் மார்பளவு இருந்த தண்ணீர் இப்போது சேணத்துக்குமேல் ஓடியது. மேற்கு மலைகளில் பெய்த மழை அந்த நேரத்துக்குள் வந்து சேர்ந்திருந்தது. கயிறு கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு முதல் அணியினர் இறங்கினார்கள். இருவரை வெள்ளம் இழுத்துச் சென்றது. ஜெனரல் தாமும் குதிரையை நீரில் செலுத்தினார். குதிரை கால் ஊன்ற மாட்டாமல் திரும்பியது.

அப்போது பீரங்கி ஓசை நின்றது.

கரையில் இருந்தவர்கள் அனைவரும் அசையாமல் நின்று செவி கொடுத்தார்கள். தண்ணீரின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"காற்று மாறிவிட்டது போலும்" என்றார் விட்கோம். "அதனால்தான் ஓசை வரவில்லை."

ஜெனரல் அவரைப் பார்த்தார். களைப்பினாலோ, வேறு எதனாலோ, ஜெனரலின் தலை சற்றே அசைந்தது.

"ஆம், காற்றுத்தான்" என்றார் மேஜர் ஸ்டிரிக்லண்ட்.

"மழைக்காலத்தில் காற்று இப்படித் திடீரென்று திரும்பும்" என்றார் மெரிக்.

"திரும்பிவிட்டது, ஐயா" என்றார் லாங்லி. அவருடைய கையில் இருந்த கொடி காலையில் பறந்த அதே தென்மேற்குத் திசையில்தான் பறந்துகொண்டிருந்தது.

ஜெனரல் குதிரையிலிருந்து இறங்கினார். எல்லாரையும் விலகிப் போகச் சொல்லிவிட்டு, கரையோரம் தனியே நின்ற உபாத்தியாயரிடம் வந்தார். பாட வேளை முடிந்து நெடுநேரம் ஆகியிருந்தது. ஆயினும் அவர் ஈர மணலில் அமர்ந்தார். ஆசிரியர் நின்றார்.

"ஐயா."

"சொல்லுங்கள்."

"காற்று மாறியதா?"

"மாறவில்லை."

இருவரும் அக்கரையைப் பார்த்தார்கள். வானத்தின் ஓரத்தில் புகை தாழ்வாகப் படர்ந்திருந்தது.

"உங்கள் தம்பி அங்கே இருந்தார்."

"ஆம்."

"நான் அது மறந்துவிட்டேன்" என்றார் ஜெனரல். 'அதை' என்று சொல்லியிருக்க வேண்டும். ஏழு ஆண்டுகளில் முதன்முறையாக உபாத்தியாயர் அவருடைய பிழையைத் திருத்தவில்லை.

"அவர்கள் பதவிக்கு அஞ்சினார்கள்" என்று ஜெனரல் தொடர்ந்தார். "எனக்குக் கோபம் வரும் என்று அஞ்சினார்கள். உங்களுக்கு என்ன பதவி? என்னை நீங்கள் எத்தனை முறை கடிந்துகொண்டிருக்கிறீர்கள்! காலையில் என் முதுகுக்குப் பின்னால்தானே நின்றீர்கள்? குனிந்து என் காதில் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதுமே. உங்கள் உடன்பிறந்தவனுக்காகக்கூட ஏன் நீங்கள் வாய் திறக்கவில்லை?"

 கேள்வியின் ஒவ்வொரு சொல்லும் உரிய இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பவர் போல் உபாத்தியாயர் நின்றார்.

"துரையவர்களே, ஏழு ஆண்டுகள் நான் உங்களுக்குத் தமிழ் கற்பித்தேன். அந்த ஏழு ஆண்டுகளும் நான் உங்களைக் கற்றேன். காலையில் அந்த வாள் ஆணியில் ஏறியதும் என் தம்பிக்காக மனத்துக்குள் அழுது முடித்துவிட்டேன். அவனைக் காப்பாற்றும்படி உங்களிடம் கேட்கலாம் என்ற நினைவே எனக்கு வரவில்லை."



பின்பு நடந்தவை இவை.

மறுநாள் வெள்ளம் வடிந்தது. படை மணற்பாக்கத்துக்குச் சென்றது. கர்னல் கீட்டிங் இறந்து கிடந்தார். அவருடைய படையில் உயிரோடிருந்த சிலரை மலைநாட்டு மன்னரின் வீரர்கள் சிறைபிடித்துச் சென்றிருந்தார்கள். இறந்தவர்களிடையே ஆவுடையப்பனின் உடல் கிடைக்கவில்லை. சிறைப்பட்டவர்கள் பின்னாளில் திரும்பியபோது அவர்களுள்ளும் அவன் இல்லை. உபாத்தியாயர் அந்த ஆற்றங்கரையிலேயே அவனுக்கு நீர்க்கடன் செய்தார்.

அடுத்த வேனிற்காலத்தில் மலைநாட்டுப் படை கடற்கரைப் பட்டணத்தின் வாயில் வரை வந்தது. கவர்னர் அவர்கள் சொன்ன இடத்தில் கையெழுத்திட்டுச் சமாதானம் செய்துகொண்டார். போர் தோல்வியில் முடிந்தது.

ஜெனரல் ஹார்ட்விக்கை இலண்டனுக்கு அழைத்து விசாரித்தார்கள். விசாரணை தொடங்குமுன் வழக்கப்படி அவருடைய வாளைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். தவறு தம்முடையது என்று அவர் சொன்னதை நீதிபதிகள் பெருந்தன்மை என்று கொண்டார்கள். ஆலோசனைக் கூட்டத்தில் அனைவரும் ஒருமித்தே முடிவெடுத்ததால் எவர்மீதும் குற்றம் இல்லை என்று தீர்ப்பளித்து, வாளை மரியாதையுடன் திருப்பித் தந்தார்கள். அவர் அதைக் கையில் வாங்கவில்லை, பணியாளர் வாங்கிக்கொண்டார்.

உபாத்தியாயர் பட்டணத்துக்குத் திரும்பி வேறு அதிகாரிகளுக்குத் தமிழ் கற்பித்தார். அவருக்குப் பிள்ளைகள் நால்வர் இருந்தனர்.

லாங்லி படிப்படியாக உயர்ந்து, முப்பது ஆண்டுகளுக்குப் பின் ஜெனரல் ஆனார். தம் கூடாரத்துக் கம்பங்களில் ஆணியே இருக்கக் கூடாது என்று கட்டளையிட்டார். ஆலோசனைக் கூட்டங்களில் இளையவர்கள் அஞ்சாமல் பேச வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் எடுத்துரைப்பார். அவர் அவ்வாறு எடுத்துரைக்கும்போது, அவருடைய மூக்குப்பொடிச் சிமிழ் மேசைமேல் மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்று அதிகாரிகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.